மினுக்கர் மினுக்கிய ஜாடி

அந்த ஏலக்கடையில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கே அவர் பேர் சட்டென்று நினைவுக்கு வராது. எல்லோருக்கும் அவர் மினுக்கர். பித்தளை, செம்பு, வெண்கலம், வெள்ளி, எது வந்தாலும் முதலில் அவர் கைக்குப் போய்த்தான் ஏல மேடைக்கு வரும். களிம்பு ஏறிய கதவுக் கைப்பிடியைக் காலையில் கொடுத்தால் மாலையில் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். மினுக்கருக்கு வாருவதற்குத் தலையில் எதுவும் கிடையாது. அதையும் அவரே மினுக்கிக்கொண்டார் என்பது கடையின் பழைய கிண்டல்.

அழுக்கைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார், உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் பித்தளைப் பூணைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பார். பேருந்தில் நின்றபடி வந்தால் பிடித்திருக்கும் கம்பியைக் கைக்குட்டையால் துடைப்பார். "நல்ல வேளை, என்னைப் பித்தளையில செய்யல" என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வாள். மனுஷனுக்கு இதில் ஒரு கர்வமும் உண்டு. பொருளின் நிஜ முகம் அழுக்குக்கு அடியில் இருக்கிறது, அதை வெளியே கொண்டுவருகிறவன் நான் என்று அடித்துச் சொல்வார். ஒரு தடவை யாரோ ஒரு பித்தளைக் கட்டிலைக் கொண்டுவந்து, 'இதை ஒண்ணும் பண்ணாதீங்க, அப்படியே வித்துக் குடுங்க' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மினுக்கர் கேட்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தார். கட்டில் எதிர்பார்த்த விலையைப் போல இரண்டு மடங்குக்குப் போனது, முதலாளி எல்லோர் முன்னாலும் தோளில் தட்டிக் கொடுத்தார். அன்றையிலிருந்து 'ஒண்ணும் பண்ணாதீங்க' என்ற பேச்சு அவர் காதில் ஏறுவதே இல்லை.

அவருக்கு ஓர் அக்கா. அவரை ஆளாக்கியவளே அவள்தான். அப்பா போன கையோடு அம்மாவும் படுத்த படுக்கையானதும் அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போனாள். தம்பியைப் படிக்க வைக்கத் தலைகீழாக நின்று பார்த்தாள், ஏறவில்லை. யார் காலைப் பிடித்தாளோ, ஒரு பெரிய ஓட்டலில் மாடிப்படிக் கைப்பிடியும் குழாய்களும் துடைக்கிற வேலையை வாங்கிக் கொடுத்தாள். தொழிலும் அங்கேதான் பிடிபட்டது. அவருக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் முடித்து வைத்தவளும் அவள்தான். தான் மட்டும் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "எனக்கு நைட் டூட்டி. மாப்பிள்ளை பகல்ல வந்து பாத்துட்டுப் போயிட்டாராம்" என்று சிரிப்பாள்.

அவளுக்குத் திருப்பிச் செய்தது என்று மினுக்கரிடம் ஒன்றும் இல்லை. செய்ய வேண்டும் என்று நினைப்பார். வீடு, பிள்ளை, வாடகை என்று ஏதாவது ஒன்று முந்திக்கொள்ளும். அக்காவும் கேட்கிற ஜாதி இல்லை. கேட்காததே அவருக்குப் பெரிய சங்கடமாக இருந்தது.

ஆஸ்பத்திரியை விட்டபின் அக்கா ஒரு முதியவரை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். அவர் கப்பலில் இஞ்சின் பார்த்தவர், அதனால் கப்பல்காரர். மனைவி காலமாகிவிட்டாள். ஒரே மகள் கடல் தாண்டி எங்கேயோ குடும்பமாக இருந்தாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மருந்து, மாத்திரை, முதுகில் புண் வராமல் புரட்டிப் போடுவது, எல்லாம் அக்காதான். சாயந்திரமானால் இரண்டு பேரும் சீட்டாடுவார்கள். கப்பல்காரர் போர்வைக்கு அடியில் சீட்டை ஒளித்து அழுகுணி ஆட்டம் ஆடுவார், அக்கா கண்டுபிடித்துச் சண்டைக்குப் போவாள். இப்படியே பல வருஷம் ஓடியது. தம்பி வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாமல் கப்பல்காரர் புராணம்தான். "அவர் என்னை வேலைக்காரியா நடத்தலடா. சாப்பிட்டியான்னு கேட்டுட்டுத்தான் சாப்பிடுவாரு." இதைச் சொல்லும்போது அவள் முகம் மலரும். மினுக்கருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

அந்த வீட்டு வாசலில் குடை செருகி வைக்க ஒரு வெண்கல ஜாடி இருந்தது. முழங்கை உயரம், ஒல்லிக் கழுத்து, விரிந்த வாய், இரண்டு பக்கமும் யானைத் தலை வைத்த காதுகள். உடம்பெல்லாம் கருப்பா பழுப்பா என்று சொல்ல முடியாத நிறம். அதன்மேல் அங்கங்கே மஞ்சளாகத் தெறித்த புள்ளிகள். அடியில் சதுரமாகச் சீன எழுத்தில் ஒரு முத்திரை. கண்ணை மூடுவதற்குச் சில மாதம் முன்னால் கப்பல்காரர் மகளுக்குப் போன் போடச் சொன்னார். அவளும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "இந்த ஜாடி இந்தம்மாவுக்கு. சீனாவுல ஒரு துறைமுகத்துல வாங்குனது. நானும் நீயும் இந்தம்மாவும் வயசைக் கூட்டிப் போட்டாலும் இதோட வயசு வராது. இது சும்மா பொருள் இல்ல, தெரிஞ்சுதான் குடுக்கறேன்." மகளும் அந்தப் பக்கத்திலிருந்து சரி என்றாள்.

அவர் போனபின் அக்கா ஜாடியோடு தன் ஒற்றை அறை வீட்டுக்கு வந்தாள். முழங்கால் இரண்டும் தேய்ந்து, இனி இன்னொருவரைத் தூக்கிப் புரட்டும் தெம்பு இல்லை. "வித்துடலாமா?" என்று தம்பியைக் கேட்டாள். ஏலக்கடையில் வேலை பார்க்கும் தம்பி இருக்கும்போது வேறு யாரைக் கேட்பாள்!

கடைக்கு மாதம் ஒரு தடவை ஒரு மதிப்பீட்டாளர் வருவார். கீழை நாட்டுக் கலைப்பொருள்களில் பெரிய படிப்பு படித்தவர், முகத்தில் சிரிப்பே காட்டாத பெண்மணி. கடைக்காரர்களுக்கு அவர் மதிப்பீட்டம்மா. மினுக்கர் கொண்டுவந்து வைத்திருந்த ஜாடியைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். ஜாடியைக் கவிழ்த்தார், விளக்கை அடித்து உள்ளே பார்த்தார், மஞ்சள் புள்ளிகள்மேல் பூதக்கண்ணாடியை ஓட்டினார். "எங்கேந்து வந்துச்சு இது?" என்று கேட்ட குரலில் சின்ன நடுக்கம். சில நூறு வருஷப் பழசு, பெரிய ஏலத்தில் தனியாக, அட்டைப் படத்தோடு வரவேண்டிய பொருள் என்று முதலாளியிடம் சொன்னார். போகும்போது மினுக்கர் பக்கம் திரும்பி, "இதை அப்படியே வைங்க. துடைக்கக்கூட வேண்டாம். போட்டோ எடுக்க அடுத்த வாரம் வர்றேன்" என்றார். மினுக்கர் "சரிங்க மேடம்" என்றார். கட்டில்காரருக்கும் அவர் சரி என்றுதான் சொல்லியிருந்தார்.

அன்று சாயந்திரமே அக்காவிடம் ஓடினார். அவள் என்ன விலை போகும் என்று கேட்பாள் என்று நினைத்தார். அவள் கேட்கவில்லை. கையிலிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, "பாத்தியா, அவர் சொன்னது சரிதான்" என்றாள். அந்தத் துணியை மடித்தபடி, "தெரிஞ்சுதான் குடுக்கறேன்னு சொன்னாருடா. என்னை அவ்வளவு பெருசா நினைச்சிருக்காரு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவுக்கு ஒரு நல்ல சேதி கொண்டுவந்தவன் நான் என்று மினுக்கருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த நிமிர்ந்த நெஞ்சுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. சேதியோடு நின்றிருந்தால் போதும். இந்த மனுஷனுக்கு, தன் கையாலும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஊரான் வீட்டுக் கட்டிலுக்கு உடம்பு நோகத் தேய்த்தேனே, சொந்த அக்கா பொருளை இப்படி இருட்டுமூஞ்சியாகவா மேடை ஏற்றுவது? மதிப்பீட்டம்மா படித்தவர்தான். ஆனால் படித்தவர்களுக்குத் தேய்க்கத் தெரியுமா? ஏதோ பெயிண்ட் அடிக்கிறவன் தெளித்துவிட்ட மாதிரி மஞ்சள் புள்ளி வேறு. ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறை. சாவி அவரிடம் இருந்தது. மனைவியிடம் ஒரு அவசர வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவருடைய பெஞ்ச். ரேடியோவைப் போட்டுக்கொண்டார். முதலில் எலுமிச்சம் பழமும் உப்பும். கருப்பு அசையவில்லை. பாட்டிலில் இருந்த திராவகத்தைத் தண்ணீரில் விட்டுப் பஞ்சால் ஒற்றினார், இளகியது. அதன்பின் பாலீஷ் பசை, துணிச் சக்கரம், மெல்லிய துணி. யானைத் தலைகளின் மடிப்பில் பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டுக் குடைந்தார். கருப்புத் தண்ணீர் தொட்டியில் சுழன்று ஓட்டைக்குள் போனது. சாயந்திரத்துக்குள் ஜாடி தலை முதல் அடி வரை ஒரே மஞ்சள். புள்ளி எது, உடம்பு எது என்று தெரியாத அளவுக்கு ஜொலித்தது. அதில் தன் மொட்டைத் தலையைப் பார்த்து அவரே சிரித்துக்கொண்டார். பாட்டையும் சேர்ந்து பாடினார். அவ்வளவு சந்தோஷமாக அவர் ஒரு நாளும் வேலை செய்ததில்லை.

மறுநாள் மதிப்பீட்டம்மா போட்டோக்காரரோடு வந்தார். மினுக்கர் ஜாடிமேல் வெள்ளைத் துணி போர்த்தி மேசையில் வைத்திருந்தார். வித்தை காட்டுகிறவர் மாதிரி துணியை உருவினார்.

"இது எது?" என்று கேட்டார் அந்தம்மா.

"அதேதாங்க மேடம். அக்காவோடது."

அந்தம்மா கிட்டே வந்தார். யானைக் காதைத் தொட்டார். அப்புறம் விற்பனைக்கு வைத்திருந்த ஒரு சோபாவில் போய் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று போட்டோக்காரர் ஒதுங்கி நின்றார். திட்டவில்லை. "அந்தக் கருப்புதாங்க அந்த ஜாடி" என்றார். "கருப்புமேல பொன்னைத் தெறிக்க விட்டிருந்தாங்க. ராத்திரி வானம் மாதிரி இருக்கணும்னு செஞ்சது. அந்தக் கருப்பு இப்படி முத்த எத்தனை தலைமுறை ஆச்சுன்னு தெரியுமா? இப்ப இது வெறும் மஞ்சள் ஜாடி." மினுக்கருக்குச் சொன்னது முழுசாகப் புரியவில்லை. ஆனால் அந்தம்மாவின் கண் கலங்கியிருந்தது. தான் செய்தது என்ன என்பது அந்தக் கண்ணிலிருந்துதான் அவருக்கு விளங்கியது.

முதலாளி அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் பயமெல்லாம் கடைப் பேரைப் பற்றி. ஒப்படைத்த பொருளைக் கடையே பாழாக்கியது என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு ஒரு கரண்டியைக்கூட யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள். "பழசு இல்லை, புதுசாச் செஞ்சதுன்னு சொல்லிடலாம்" என்றார். மதிப்பீட்டம்மா எழுந்தார். "நான் பொய்யா மதிப்புச் சீட்டு எழுதித் தர மாட்டேன். இந்தக் கடைக்கு இனி வரவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதலாளி அவர் போகும் வரை காத்திருந்தார்.

"சீட்டே வேண்டாம்யா. வீட்டுச் சாமான் ஏலத்துல சேத்துடுவோம். உன் அக்காதானே? நீ சொன்னா நம்புவாங்க. உன் வேலையும் இருக்கும், கடையும் இருக்கும்."

மினுக்கர் தலையாட்டினார். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, பொய் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம், அக்காவின் எதிரில் நின்று 'உனக்குக் கிடைத்த ஒரே நல்லதை நான்தான் நாசம் பண்ணினேன்' என்று சொல்வது. அதைச் சொல்வதற்குப் பதில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று இருந்தது அவருக்கு.

அவள் வீட்டுக்குப் போனபோது அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த ஜாடி... புதுசாம்."

"எது புதுசு?"

"சோதிச்சுப் பாத்தாங்களாம். பழசு மாதிரி சாயம் ஏத்தி விக்கறாங்களாம். தேய்ச்சா போயிடுது."

கத்தி நின்றது. "அந்தம்மா அவ்வளவு சொன்னாங்களே?"

"அவங்களும் ஏமாந்துட்டாங்களாம்." ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று சுலபமாக வந்தது. அக்கா முகம் போகிற போக்கைப் பார்த்து, "கப்பல்காரருக்கும் தெரிஞ்சிருக்காதுக்கா. அவரையும் யாராவது ஏமாத்தியிருப்பாங்க" என்று அவசரமாகச் சேர்த்தார்.

"அவருக்கா தெரியாது?" அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் அவளிடம் அதற்குமுன் பார்த்ததில்லை. "ஆயுசு பூரா இஞ்சினோட கிடந்த மனுஷன். ஒரு போல்ட்டைத் தட்டிப் பாத்தே எந்த ஊரு இரும்புன்னு சொல்லுவாரு. வெண்கலம் தெரியாதா? தெரிஞ்சுதான் குடுத்திருக்காரு. அவரே சொன்னாரே." மறுபடியும் பீன்ஸை நறுக்க ஆரம்பித்தாள். "மகளும் கேக்கட்டும்னு போன் போட்டுச் சொன்னாரு பாரு. அப்பாவும் மகளும் பின்னால சிரிச்சிருப்பாங்க. சீட்டாட்டத்துலயே ஏமாத்துனவர்தானே."

இந்த வழியாக இது போகும் என்று மினுக்கர் எண்ணவே இல்லை. ஜாடியின் மதிப்பைத்தான் பொய்யால் மூடினோம் என்று நினைத்தார். ஒரு செத்த மனுஷனின் நல்ல பேரை எடுத்து அதன்மேல் போர்த்தியிருக்கிறோம் என்பது இப்போதுதான் தெரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அதன்பின் அக்கா கப்பல்காரர் புராணத்தை நிறுத்திவிட்டாள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, பழையதையெல்லாம் கிளறிக் கசப்பேற்றினாள். சாப்பிட்டியா என்று கேட்டது, சம்பளம் கூட்டிக் கேட்காமல் இருப்பதற்காம். மகளிடம் அவளைப் புகழ்ந்தது, வேறு ஆள் தேடுகிற தொல்லை வேண்டாம் என்பதற்காம். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்து, அடியில் பொய் என்று முத்திரை குத்தினாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "பல வருஷம் தூக்கிச் சுமந்தேன். குடைக்கூடையைக் கையில குடுத்து அனுப்பிட்டாரு" என்று சொல்லிச் சிரித்தாள். மினுக்கருக்கு அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவே கால் கூசியது. ஆனாலும் தினமும் போனார். போகாவிட்டால் சொல்வதற்கு வாய்ப்பே இல்லாமல் போய்விடும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வார். போனால், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு வாயைத் திறக்காமல் வருவார்.

சோறு இறங்காததைப் பார்த்து மனைவி பிடித்துக்கொண்டாள். அவளிடம் மட்டும் கொட்டிவிட்டார். "போய்ச் சொல்லுங்க. திட்டுவாங்க. திட்டட்டுமே, இதுக்கு முன்னால அவங்க உங்களைத் திட்டினதே இல்லையா?" என்றாள் அவள். திட்டு என்றால் வாங்கிக்கொள்ளலாம். திட்டில் அடங்குகிற விஷயமா இது என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று மினுக்கருக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் அவர் அங்கே இருக்கும்போதே போன் வந்தது. கப்பல்காரரின் மகள். அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அந்தப் பெண் அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"அம்மா, நான் கடைசியில வந்து சேர முடியல. அப்பா அந்த நாள்ல என்ன பேசினாரு, என்னைக் கேட்டாரான்னு உங்களுக்குத்தான் தெரியும். கொஞ்சம் சொல்லுங்களேன்."

கப்பல்காரர் கடைசி நாள்களில் மகள் பேரைத்தான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவே அழுதுகொண்டு தம்பியிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"உங்கப்பாவா? அவர் பேசுனதுல எது நிஜம், எது பொய்னு எனக்குத் தெரியாதும்மா. எனக்குச் சொன்னதெல்லாம் பொய். உங்களுக்கு மட்டும் நிஜமாச் சொல்லியிருப்பாரான்னு நீங்களே பாத்துக்கோங்க" என்றாள். அந்தப் பெண் "என்னம்மா சொல்றீங்க?" என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

மினுக்கர் தைலப் பாட்டிலைப் பிடித்தபடி நின்றார். வாயைத் திறந்தால் உண்மை விழுந்துவிடும். அவர் பாட்டிலின் மூடியைத் திருகினார். சரியாக மூடாததுபோல மறுபடியும் திருகினார். "எத்தனை தடவைடா திருகுவ, உடம்பு சரியில்லையா?" என்று அக்கா கவலையோடு கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். அந்த ஒன்றுமில்லையை நினைத்து, அதற்குப்பின் எத்தனையோ தடவை தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருக்கிறார்.

வீட்டுச் சாமான் ஏலத்தின் நாள் வந்தது. ஏலம் கூறுவதற்கு முன்னால் சாமான்களைப் பார்வைக்கு வைப்பது கடை வழக்கம். தையல் மெஷின், பீரோ, விளையாட்டுக் கோப்பைகள், இவற்றுக்கு நடுவில் ஜாடி நின்றது. கூட்டத்தில் பாதிப் பேர் அதன் முன்னால்தான் நின்றார்கள். கல்யாண மேடை அலங்காரம் பண்ணுகிற ஒருவர், "என்னமா மின்னுது பாருங்க! ரெண்டு பக்கமும் வைக்க இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டார். யாராவது கேட்டால் விவரம் சொல்வதற்காக மினுக்கரைத்தான் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

அக்கா வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பேருந்து ஏறி வந்திருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து ஜாடியை உற்றுப் பார்த்தாள். அந்த வீட்டு வாசலில் தினமும் பார்த்த பொருள்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

"இவ்வளவு பளிச்சுனு ஆக்கியிருக்கியே தம்பி" என்றாள். அவர் கையைப் பிடித்தாள். திராவகம் பட்டு வெடித்திருந்த விரல்களைத் தடவினாள். "அந்த மனுஷன் குடுத்தது வெறும் குப்பை. இதுல ஏதாவது கிடைச்சா, அது நீ உழைச்சுக் குடுத்ததுதான். கடைசியில எனக்குன்னு நிஜமா இருக்கறது நீ ஒருத்தன்தான்டா."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் ஆள் நிற்கிறார்கள், முதலாளி மேடையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார், எதுவும் கண்ணில் படவில்லை. அவள் கைக்குள் இருந்த தன் கையை இழுத்துக்கொண்டார்.

"அக்கா, அது குப்பை இல்லக்கா. நிஜம்தான். அவர் சொன்ன அத்தனையும் நிஜம். அந்தம்மா துடைக்கக்கூட வேண்டாம்னு சொன்னாங்க. நான்தான் கேக்காம தேய்ச்சேன். உனக்கு நல்லது பண்றேன்னு நினைச்சுத் தேய்ச்சேன். அந்தக் கருப்புலதான் எல்லாம் இருந்துச்சாம், அது போயிடுச்சு. பயந்துபோய் உன்கிட்ட புதுசுன்னு பொய் சொல்லிட்டேன். அவர் உன்னை ஏமாத்தலக்கா. நான்தான்."

அலங்காரக்காரர் மெதுவாக நகர்ந்துகொண்டார். மேடையிலிருந்து முதலாளி "யோவ், மினுக்கரே!" என்று குரல் கொடுத்தார். அக்கா அசையவில்லை. அறைவாள் என்று மினுக்கர் காத்திருந்தார். அறைந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது அவருக்கு. அவள் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. இத்தனை நாளாக முறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தளர்ந்து, பழைய அக்காவின் முகம் ஒரு நொடி தெரிந்தது.

"அப்ப அவர் பொய் சொல்லல" என்றாள்.

"இல்லக்கா."

"தெரிஞ்சுதான் குடுத்தேன்னு சொன்னது..."

"நிஜம்தான்கா."

அவள் ஜாடியின் பக்கம் திரும்பினாள். மஞ்சளாய் மின்னிய அதன் உடம்பில் அவள் முகம் நீண்டு, வளைந்து தெரிந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். தளர்ந்த முகம் மறுபடியும் கலங்கத் தொடங்கியது. இந்தத் தடவை அது வேறு கலக்கம் என்பது மினுக்கருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"என்னை மன்னிச்சுடுக்கா" என்றார்.

"மன்னிக்காம? நீ என் தம்பி. இன்னைக்கு இல்லன்னாலும் நாளைக்கு மன்னிச்சுடுவேன்." குரல் உடைந்தது. "அந்தப் பொண்ணுகிட்டயும் இப்பவே போன் பண்ணி, உங்கப்பா உன் பேரைச் சொல்லித்தான் போனாருன்னு அழுதுடுவேன். அவரைத்தான்டா... செத்தும் விடாம அவரை நான் பேசாத பேச்சு இல்ல. உனக்கு வந்து சொல்றதுக்கு நான் இருக்கேன். நான் யார்கிட்டடா போய்ச் சொல்றது?"

மேடையில் சுத்தியலைத் தட்டி ஏலத்தை ஆரம்பித்தார்கள். அக்கா ஜாடியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நொண்டியபடி கூட்டத்தை விலக்கி வாசலை நோக்கி நடந்தாள். மினுக்கர் நின்ற இடத்திலேயே நின்றார்.